மூன்று கம்பங்களில் பிறந்த சொல்



இன்றைய பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு சொல். அது தமிழ்ச் சொல் அன்று. மலாய்ச் சொல்லும் அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வழங்கிய லத்தீன் மொழிக்குரிய சொல். அதற்கும் நமக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனவர்களுக்கும், இன்று ஆலைக்குப் போகிறவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதனோடு நெருங்கிய உறவு உண்டு. ஏனென்றால், 'வேலை' என்பதைக் குறிக்கப் பல நாட்டு மக்கள் வழங்கும் சொற்கள் அதிலிருந்துதான் பிறந்தன.

வேலையைப் பிரெஞ்சுக்காரர் 'திராவாய்' என்கிறார். ஸ்பானியர் 'திரபாஹோ' என்கிறார். போர்த்துகீசியர் 'திரபால்யு' என்கிறார். மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய்ச் சொல்லின் பொருளைக் கேட்டால் சற்றுத் திடுக்கிடுவீர்கள். அது மனிதரைக் கட்டிவைத்து வதைத்த ஒரு கருவியின் பெயர்!

வதைக்கும் கருவியின் பெயர் வேலையின் பெயரானது எப்படி? அப்படியானால் வேலை என்பதே ஒரு வதைதானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் இன்று விடை தேடுவோம்.

முதலில் லத்தீன் மொழியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. இத்தாலி நாட்டில் ரோம் நகரைச் சுற்றியிருந்த சிறு பகுதியின் மொழியாகத் தொடங்கியது லத்தீன். ரோமானியப் படைகள் போன இடமெல்லாம் அதுவும் போனது. படைவீரரும் வணிகரும் குடியேறியவரும் பேசிய பேச்சு லத்தீன், நாளடைவில் இடத்துக்கு இடம் மாறியது. மேற்கு ரோமப் பேரரசு 476ஆம் ஆண்டில் வீழ்ந்த பிறகு அந்த மாற்றம் இன்னும் விரைந்தது. இத்தாலியில் இத்தாலிய மொழி, பிரான்சில் பிரெஞ்சு, ஸ்பெயினில் ஸ்பானியம், போர்த்துகலில் போர்த்துகீசியம், கிழக்கே ருமேனியாவில் ருமேனிய மொழி என்று மகள்கள் பிறந்து தனிக் குடித்தனம் போனார்கள். மொழி நூலார் இவற்றை 'ரோமானிய மொழிகள்' என ஒரு குடும்பமாக வைத்துப் பேசுகிறார்கள்.

இதைப் புரிந்துகொள்வது நமக்குக் கடினமன்று. நம் தோட்டங்களில் தமிழரோடு தெலுங்கரும் மலையாளிகளும் ஒன்றாக வாழ்ந்திருக்கிறார்கள். நாம் 'பால்' என்பதை மலையாளியும் 'பால்' என்பார். தெலுங்கர் 'பாலு' என்பார். கன்னடரோ 'ஹாலு' என்பார். கேட்டவுடனே இவை ஒரு குடும்பம் என்று தெரிந்துவிடுகிறது அல்லவா? ரோமானிய மொழிகளின் உறவும் இப்படிப்பட்டதுதான்.

அந்தக் குடும்பத்து மொழி ஒன்று நம் வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. 1511ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். 1641ஆம் ஆண்டில் டச்சுக்காரரிடம் அதை இழக்கும் வரை அவர்கள் ஆட்சி நடந்தது. இந்தியக் கரைகளிலும் அவர்கள் வணிகம் செய்தனர். அவர்கள் விட்டுப்போன சொற்கள் இன்றும் நம் வீட்டுக்குள் கிடக்கின்றன. நாம் வீட்டைப் பூட்டும் 'சாவி' போர்த்துகீசியச் சொல். அதன் தாய் லத்தீன் மொழியின் 'கிளாவிஸ்'. துணி வைக்கும் 'அலமாரி' போர்த்துகீசியச் சொல். அதன் தாய் லத்தீன் மொழியின் 'அர்மாரியம்'. மலாய்க்காரர் ஞாயிற்றுக்கிழமையையும் வாரத்தையும் குறிக்கச் சொல்லும் 'மிங்கு', போர்த்துகீசிய 'டொமிங்கோ'விலிருந்து வந்தது. ஆண்டவனுக்குரிய நாள் என்னும் லத்தீன் சொல்லே அதற்கு மூலம். ஆகவே லத்தீன் மொழியின் பேரப்பிள்ளைகள் சிலரை நாம் தெரியாமலே வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். அதன் பெயர் 'திரிபாலியம்'. லத்தீன் மொழியில் 'திரி' என்றால் மூன்று. 'பாலுஸ்' என்றால் நட்டு நிறுத்தும் கம்பம் அல்லது முளை. மூன்று கம்பங்களைச் சேர்த்து அமைத்த சட்டமே திரிபாலியம். குற்றம் சாட்டப்பட்டவர்களை இதில் கட்டி வதைத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. பிரான்சில் ஒசேர் என்னும் ஊரில், 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கிறிஸ்தவ குருமார்களின் சபை ஒன்று கூடிச் சில விதிகளை வகுத்தது. குற்றவாளிகள் வதைக்கப்படும் திரிபாலியத்தின் அருகில் குருமார்கள் நிற்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. இரக்கம் போதிக்க வேண்டியவன் வதையை வேடிக்கை பார்க்கலாமா என்பது அதன் கருத்தாக இருக்க வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் 'திராவாய்' என்பதற்கு வேறொரு பொருளும் உண்டு. குதிரைக்கோ மாட்டுக்கோ லாடம் அடிக்கும்போது அது உதைக்காமலும் ஓடாமலும் இருக்க, கம்பங்களுக்கு நடுவே நிறுத்திக் கட்டுவார்கள். அந்த மரச்சட்டத்துக்கும் 'திராவாய்' என்றுதான் பெயர். மனிதனோ மாடோ, அசைய முடியாமல் கட்டுண்டு நிற்கும் நிலை இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

திரிபாலியத்தில் மாட்டி வதைப்பதைக் குறிக்க ஒரு வினைச்சொல் தோன்றியது. 11, 12ஆம் நூற்றாண்டுகளின் பிரெஞ்சு எழுத்துகளில் அந்த வினை, வதைத்தல், வருந்துதல் என்ற பொருளில்தான் வருகிறது. பிள்ளை பெறும் தாய் படும் வேதனைக்கும் அதே சொல் வழங்கியது. களைப்பூட்டும் நெடும் பயணத்துக்கும் அதுவே வழங்கியது. ஆங்கிலேயர் அதைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து வாங்கினார்கள். பயணத்தைக் குறிக்கும் 'டிராவல்' என்ற ஆங்கிலச் சொல் அப்படிப் பிறந்ததுதான். இன்று குளிர்பதனப் பேருந்தில் சாய்ந்து உறங்கிக்கொண்டு போகிறோம். அக்காலத்தில் பயணம் என்றால் சேறும் கள்வர் பயமும் பசியும்தான்.

பிறகு, உடல் வருந்தச் செய்யும் உழைப்புக்கு அந்தச் சொல் வந்தது. 16ஆம் நூற்றாண்டளவில் பிரெஞ்சு மொழியில் 'வேலை செய்தல்' என்பதே அதன் பொதுப்பொருளாக நிலைபெற்றது. வதை என்பதிலிருந்து வருத்தம், வருத்தத்திலிருந்து உழைப்பு, உழைப்பிலிருந்து வேலை என்று படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது.

இதையெல்லாம் அறிஞர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒலி போல இருக்கிறதே என்று இரண்டு சொற்களை முடிச்சுப் போடுவது மொழி நூல் ஆகாது. ஒலி மாற்றங்களுக்கு ஒழுங்கு உண்டு. லத்தீன் மொழியில் வைக்கோலுக்குப் 'பாலேயா' என்று பெயர். அது பிரெஞ்சில் 'பாய்' ஆயிற்று; ஸ்பானியத்தில் 'பாஹா' ஆயிற்று; போர்த்துகீசியத்தில் 'பால்யா' ஆயிற்று. இப்போது வேலைக்குரிய மூன்று சொற்களையும் அடுத்து வைத்துச் சொல்லிப் பாருங்கள்: திராவாய், திரபாஹோ, திரபால்யு. பாய், பாஹா, பால்யா. இரு வரிசையிலும் அதே மாற்றம் அதே முறையில் நிகழ்ந்திருக்கிறது.

நடுவில் உள்ள 'ப' ஒலியையும் கவனியுங்கள். நாம் 'அப்பா' என்னும்போது 'ப' வன்மையாக ஒலிக்கிறது. 'கோபம்' என்னும்போது அதே எழுத்து மென்மையாக ஒலிக்கிறது. லத்தீன் மொழியில் வன்மையாக ஒலித்த 'ப', ஸ்பானியத்தில் நம் 'கோபம்' போல மெலிந்தது. பிரெஞ்சில் இன்னும் மெலிந்து 'வ' ஆகிவிட்டது. அறிதலைக் குறிக்கும் சொல் லத்தீனில் 'சாபெரே', ஸ்பானியத்தில் மெலிந்த ஒலியோடு 'சபேர்', பிரெஞ்சில் 'சவ்வார்'. ஆகவே திரிபாலியத்தின் 'ப', பிரெஞ்சில் 'திராவாய்' என்று 'வ'வாக மாறியதில் வியப்பில்லை.

இங்கே ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வதைத்தல் என்னும் அந்த வினைச்சொல், லத்தீன் வடிவில் எந்தப் பழைய ஏட்டிலும் கிடைக்கவில்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு, தாய் இப்படி இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர் வருவித்துக் கொண்டது அது. அப்படி வருவித்த சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி இடுவது மொழி நூலாரின் நேர்மை. திரிபாலியம் அன்று, உத்தரம் என்று பொருள்படும் 'திராப்ஸ்' என்னும் லத்தீன் சொல்லே மூலம் என்று கருதுவோரும் உண்டு. ஆயினும் அகராதிகளில் பெரும்பாலானவை திரிபாலியத்தையே காட்டுகின்றன. பழைய பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வருத்தம் என்ற பொருள் இருந்தது என்பதிலோ எவருக்கும் ஐயமில்லை.

வேலைக்கு லத்தீன் மொழியில் வேறு சொல்லே இல்லையா? இருந்தன. 'லாபோர்' என்பது ஒன்று. பாரத்தைச் சுமந்து பாடுபடுதல் அதன் பொருள். இத்தாலியர் அதைத்தான் 'லவோரோ' என்று வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அது 'லபுரே' என்று குறுகி, நிலத்தை உழுவதை மட்டும் குறிக்கலாயிற்று. ஸ்பானியத்தில் அதிலிருந்து வந்த 'லப்ரதோர்' என்றால் உழவன். ஆங்கிலத்தில் 'லேபர்' ஆனது. அந்நாளில் முறையீடு சொல்ல நம் பெரியவர்கள் போன 'லேபர் ஆபீஸ்', நம் தாய்மார்கள் பிள்ளை பெறப் போகும் 'லேபர் வார்டு', இரண்டிலும் உள்ளது இந்த ஒரே சொல்தான்.

'ஓபுஸ்', 'ஒபெரா' என்பன இன்னொரு குடும்பம். இவற்றில் வருத்தம் என்ற பொருள் இல்லை. செய்து முடித்த செயல், ஆக்கிய பொருள் என்ற கருத்தே உண்டு. தொழிலாளியைப் பிரெஞ்சில் 'ஊவ்ரியே' என்றும், ஸ்பானியத்தில் 'ஒப்ரேரோ' என்றும், இத்தாலியத்தில் 'ஒபெராயோ' என்றும் சொல்வது இதிலிருந்து வந்தது. கவிஞனின் நூலுக்கும் சிற்பியின் சிலைக்கும் வழங்கும் சொல்லும் இதே வேரினதுதான். வேலையின் பெயரில் வதை ஒட்டிக்கொண்டது. வேலை செய்பவனின் பெயரிலோ ஆக்கம் ஒட்டிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ருமேனியர் கதை தனி. அவர்கள் வழங்கும் 'லுக்ரா' என்ற வினை, ஊதியம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அவர்கள் வேலைக்கு 'முன்கா' என்ற வேறொரு சொல்லையும் வைத்திருக்கிறார்கள். அது லத்தீன் அன்று. பக்கத்து ஸ்லாவிய மக்களிடமிருந்து வாங்கியது. அதன் மூலப்பொருள் என்ன தெரியுமா? வேதனை! பிரான்சுக்கும் ருமேனியாவுக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததன்று. மொழி வேறு, வேர் வேறு. இருந்தும் இரு நாட்டு ஏழை மக்களும் தாங்கள் செய்த வேலைக்கு ஒரே பொருளைத்தான் கண்டார்கள்.

அப்படிக் கண்டதற்குக் காரணம் உண்டு. பழைய ரோமில் வயலிலும் சுரங்கத்திலும் பாடுபட்டவர்களில் எண்ணற்றோர் அடிமைகள். பின்னால் வந்த காலத்தில் பிரபுவின் நிலத்தை விட்டு அகல உரிமையில்லாத குடியானவர்கள் பாடுபட்டார்கள். உழைப்பின் பயன் வேறொருவன் களஞ்சியத்துக்குப் போனது. மேல்தட்டு மக்களின் லத்தீனிலோ ஓய்வுக்கு 'ஓட்டியம்' என்று பெயர். அலுவலுக்கு 'நெகோட்டியம்', அதாவது 'ஓய்வு இல்லாமை' என்று பெயர். ஓய்வே இயல்பு, வேலை அதற்கு இடையூறு என்று எண்ணியவர்களின் சொல் அது. உடைமை உள்ளவன் வேலையை இடையூறு என்றான்; உடைமை இல்லாதவன் அதை வதை என்றான். சொல்லைக் கூர்ந்து கேட்டால் அதைச் சொன்னவன் எங்கே நின்று சொன்னான் என்பது தெரிந்துவிடும்.

நம் பால்மரத்தின் கதையிலும் இந்தச் சொல் இருக்கிறது. ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டு அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் அங்கிருந்து விதைகள் லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குப் போயின. 1877இல் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு கோலகங்சாரிலும் நடப்பட்டன. பிரேசிலில் வழங்குவது போர்த்துகீசிய மொழி. அங்கே பால் வெட்டுபவருக்குச் 'செரிங்கேய்ரோ' என்று பெயர். பழங்குடியினர் ரப்பரில் செய்த பீச்சாங்குழலை வைத்து வந்த பெயர் அது. காட்டுக்குள் தனித்தனியே மரம் தேடி நடந்து பால் எடுத்த அவர்கள், முதலாளியின் கடையில் அரிசிக்கும் உப்புக்கும் பட்ட கடனிலிருந்து மீள முடியாமல் தவித்தார்கள். அவர்கள் தங்கள் வேலையைத் 'திரபால்யு' என்றபோது அந்தப் பழைய மூன்று கம்பங்கள் முற்றும் மறைந்துவிடவில்லை.

ஆனால் கதை இதோடு முடியவில்லை, நேயர்களே. சொல் பிறந்த இடத்திலேயே கிடப்பதில்லை. அதைப் பேசும் மக்கள் நிமிரும்போது அதுவும் நிமிர்கிறது. 1889ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பல நாட்டுத் தொழிலாளர் பேராளர்கள் கூடி, எட்டு மணி நேர வேலை கேட்டு, அடுத்த ஆண்டு மே முதல் நாளில் எங்கும் குரல் எழுப்புவதென முடிவு செய்தனர். இன்று பிரான்சில் மே முதல் நாளுக்குப் பெயர் என்ன? 'திராவாய்த் திருநாள்'! வதைக் கருவியின் பெயரும் திருநாள் என்னும் சொல்லும் கைகோத்து நிற்கின்றன. 1943ஆம் ஆண்டு மே முதல் நாள் பிரேசில் அரசு தன் தொழிலாளர் சட்டங்களைத் தொகுத்து அறிவித்தது. அந்தச் சட்டத் தொகுப்பின் பெயரிலும் 'திரபால்யு' இருக்கிறது. 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியல் சட்டமோ, இந்தக் குடியரசுக்கு அடித்தளம் உழைப்பே என்று தன் முதல் விதியிலேயே கூறுகிறது. அங்கே அவர்கள் எழுதிய சொல் 'லவோரோ'. அடிமை முதுகில் இருந்த பாரத்தின் பெயர் ஒரு நாட்டின் அடித்தளத்தில் பொறிக்கப்பட்டுவிட்டது.

இவ்வளவும் அயல்மொழிக் கதை. நம் மொழி என்ன சொல்கிறது? நிலத்தை 'உழு'கிறோம்; உடலால் 'உழை'க்கிறோம்; பழந்தமிழில் துன்பத்தில் வருந்துவதை 'உழத்தல்' என்றார்கள். உழவு, உழைப்பு, வருத்தம் மூன்றும் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்பதைப் பாருங்கள். பாடுபடுதல் என்று நாம் சொல்லும்போதும் வேலையும் துன்பமும் ஒன்றாகவே வருகின்றன. பிரெஞ்சுக் குடியானவனும் தமிழ் உழவனும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால் இருவர் முதுகிலும் வெயில் ஒன்றுதான்.

இன்னொரு சொல்லையும் நாம் பேசியாக வேண்டும். அது 'கூலி'. தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்கு உரிய ஊதியம். நியாயமாகக் கேட்டு வாங்கும் உரிமைப் பொருள். திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில் இந்தச் சொல்லை ஆண்டிருக்கிறார். விதி கைவிட்டாலும் முயற்சி தன் பலனைத் தரும் என்று சொல்லும் இடம் அது. அவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்த சொல் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பிய மொழிகளில் ஏறியது என்பது பலர் கொள்கை. குஜராத்துப் பக்கத்துக் 'கோலி' என்ற இனப்பெயரே மூலம் என்போரும் உளர். எப்படியாயினும், அது கப்பலேறித் திரும்பியபோது ஊதியத்தின் பெயராக இல்லை. ஆளின் பெயராக, அதுவும் இழிவுப் பெயராக இருந்தது. திரிபாலியம் கீழேயிருந்து மேலே ஏறியது. நம் கூலி மேலேயிருந்து கீழே தள்ளப்பட்டது. தள்ளியவர்கள் அந்த வேலையைச் செய்தவர்கள் அல்லர்.

பள்ளியில் ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளைகள் நிரப்பும் படிவத்தில் 'பெற்றோர் தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. சில பிள்ளைகள் அந்த இடத்தில் எழுதுகோலை நிறுத்திவிடுவார்கள். பக்கத்துப் பிள்ளை பார்க்கிறானா என்று கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார்கள். இதை ஆசிரியர்கள் பலரும் கண்டிருப்பார்கள். பால் வெட்டினாலும், செம்பனைக் குலை அறுத்தாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய் ஆலையில் நின்றாலும், அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது ஒரு குடும்பத்தின் சோறும் புத்தகமும் அல்லவா? அதை மறைக்கக் காரணம் என்ன? வேலையின் தன்மை காரணமன்று. யாரோ எப்போதோ அந்த வேலைக்கு வைத்துவிட்ட பெயரே காரணம்.

ஆதலால், வேலை வதைதானா என்ற கேள்விக்கு இந்தச் சொற்களின் வரலாறே விடை தருகிறது. கட்டிவைத்து வாங்கும் வேலை வதைதான். கூலி குறைத்து, ஓய்வு மறுத்து வாங்கும் வேலையும் வதைதான். அதை வதையென்று சொல்ல உழைத்தவர்கள் அஞ்சவில்லை. சொல்லிலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் வதை வேலையில் பிறந்ததன்று. கட்டிய கயிற்றில் பிறந்தது. கயிற்றை அறுக்க முயன்றபோது அந்தச் சொல்லுக்கே மதிப்பு வந்தது.

பெற்றோர்களே, இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள். உளியைப் பிடிப்பது எப்படி, பட்டை எவ்வளவு ஆழம் வெட்டினால் மரத்துக்குக் காயம், குலை பழுத்ததை எப்படி அறிவது என்று சொல்லுங்கள். பாட்டி இருந்தால் அந்நாளில் பெரட்டுக் களத்தில் வழங்கிய சொற்களைக் கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். அவற்றில் தமிழ் எத்தனை, மலாய் எத்தனை, ஆங்கிலம் எத்தனை என்று பிள்ளைகளே பிரித்துப் பார்க்கட்டும். மலாய் மொழியில் வேலையைக் குறிக்கும் 'கெர்ஜா' என்பதும் நாம் சொல்லும் 'காரியம்' என்பதும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பாடம் இனிக்கத் தொடங்கும். அடுத்த முறை அந்தப் படிவம் வரும்போது, கையால் மறைக்காமல் எழுதுவார்கள்.